யாரைக் கேட்டு யார் ஆரம்பித்தார்கள்? போஸ்ட்-பங்க் குழுக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் என் வீட்டில் கூடிப் பாட்டு கேட்போம். பெரும்பாலும் 1976-க்கும் 1984-க்கும் இடையில் வந்த பிரிட்டிஷ் குழுக்கள். புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். பதிலை ஒவ்வொரு முறையும் பாதிப் பாட்டில் கத்திச் சொல்ல வேண்டியிருப்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

"பங்க்னா தெரியும். அது என்ன போஸ்ட்-பங்க்? பங்க் முடிஞ்ச பிறகு வந்ததா?"

பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி மாதிரி; வயது வித்தியாசம் ஓரிரண்டு ஆண்டுதான். 1976-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவும் மற்றவர்களும் லண்டனில் கொளுத்திப்போட்டது, தேர்ச்சி இல்லாவிட்டாலும் மேடை ஏறலாம் என்ற நெருப்பு. அடுத்த வருஷமே பங்க் ஒரு சீருடை ஆகிவிட்டது: கிதாரில் அதே மூன்று கார்டு (சுரக்கூட்டு), அதே வேகம், அதே கத்தல். மேடை ஏறும் துணிச்சலை வைத்துக்கொண்டு சீருடையைக் கழற்றிப் போட்டவர்களைத்தான் போஸ்ட்-பங்க் என்கிறோம்.

அதனால் இதற்குப் பொதுவான ஒலி கிடையாது. ஒரு குழுவில் வயலின் கீச்சிடும், இன்னொன்றில் டிரம் மெஷின் தட்டும், வேறொன்றில் ஜமைக்காவின் ரெகே தாளம் ஓடும். ஒலியை வைத்து இலக்கணம் எழுதப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். யார் யாருக்குப் பக்கத்து வீடு, யார் யாரிடம் ஒலிபெருக்கிப் பெட்டி கடன் வாங்கினார்கள் என்று பார்த்தால் எல்லாம் விளங்கிவிடுகிறது. கீழே உள்ள பதில்களில் நான் செய்வது அதைத்தான்.

"மான்செஸ்டர்ல நடந்த ஒரே கச்சேரியைப் பார்த்துட்டு இத்தனை பேண்ட் பிறந்துச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

முக்கால்வாசி நிஜம். 1976 ஜூன் 4-ஆம் தேதி, மான்செஸ்டரில் ஃப்ரீ டிரேட் ஹால் கட்டடத்தின் சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தார்கள். கூட்டம் நாற்பது பேர் இருந்திருக்கும். ஆனால் அந்தக் கச்சேரி தானாக வந்து இறங்கவில்லை. போல்டன் நகரத்துக் கல்லூரியில் படித்த ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு பேர், பத்திரிகையில் பிஸ்டல்ஸ் பற்றி வந்த ஒரு சின்ன விமர்சனத்தைப் படித்தார்கள். கார் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு தெற்கே போய்ப் பிப்ரவரியில் அவர்களைப் பார்த்தார்கள். திரும்பி வந்து, எங்கள் ஊருக்கும் வாருங்கள் என்று அழைத்து ஏற்பாடு செய்தவர்கள் இவர்கள்தான். தங்கள் பஸ்காக்ஸ் குழுவும் அதே மேடையில் ஏற வேண்டும் என்பது ஆசை. ஜூனில் குழுவுக்கு வாசிக்க ஆள் சேரவில்லை. ஜூலை 20-ஆம் தேதி பிஸ்டல்ஸ் மறுபடி வந்தபோது ஏறிவிட்டார்கள்.

ஜூன் கூட்டத்தில் பெர்னார்ட் சம்னரும் பீட்டர் ஹுக்கும் இருந்தார்கள். ஜாய் டிவிஷன் அங்கிருந்து தொடங்குகிறது. 'த ஃபால்' குழுவை நடத்தப்போகும் மார்க் ஈ. ஸ்மித்தும், பின்னாளில் 'ஸ்மித்ஸ்' குழுவில் பாடப்போகும் மோரிசியும் இருந்தார்கள். ஜாய் டிவிஷனில் பாடப்போகும் இயன் கர்ட்டிஸ் வந்தது ஜூலைக் கச்சேரிக்கு. இரண்டு தேதிகளையும் ஒன்றாகக் கலந்துதான் பலரும் கதை சொல்கிறார்கள். நானும் அங்கே இருந்தேன் என்று பிறகு சொன்னவர்கள் அரங்கம் கொள்ளாத அளவு பெருகிவிட்டார்கள் என்பதும் உண்மைதான்.

பார்த்தவர்கள் யாரும் பிஸ்டல்ஸ் மாதிரி ஒலிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பஸ்காக்ஸ் இனிமையான காதல் பாட்டுக்குப் போனார்கள், த ஃபால் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அரைத்தார்கள், ஜாய் டிவிஷன் இருட்டுக்குள் போனார்கள். மேடையில் இருந்தவர்கள் பெரிய வித்துவான்கள் இல்லை என்பதுதான் அவர்களை உலுக்கியது. 'இவன் செய்கிறான் என்றால் நான் ஏன் செய்யக்கூடாது' என்று வீட்டுக்குப் போனவர்கள், தங்களிடம் ஏற்கெனவே இருந்ததைத்தான் வெளியே எடுத்தார்கள்.

"ஒண்ணுமே வாசிக்கத் தெரியாம எப்படி பேண்ட் ஆரம்பிச்சாங்க? காசுக்கு என்ன பண்ணாங்க?"

பீட்டர் ஹுக் அம்மாவிடம் 35 பவுண்டு கடன் வாங்கி, கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் கிதார் வாங்கினார். அதற்கு முன் அதைத் தொட்டவர் இல்லை. சம்னரிடம் கிதார் இருந்தது, எனவே ஹுக்குக்கு பேஸ். பாடகர் தேவை என்று இசைத்தட்டுக் கடையில் எழுதி ஒட்டினார்கள், கர்ட்டிஸ் வந்தார்.

காசு விஷயத்தில் பஸ்காக்ஸ் செய்தது இன்னும் பெரிய பாடம். சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் கடைசியில் நான்கு பாட்டைப் பதிவு செய்து, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தட்டைச் சொந்தமாக வெளியிட்டார்கள். முதலில் அடித்தது ஆயிரம். அந்த உறையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: முன்னால் ஒரு போலராய்டு படம், பின்னால் எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி) என்ற விவரம். சமையல்காரர் அடுப்படிக் கதவைத் திறந்துவைத்தது மாதிரி. லண்டனில் 'டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ்' என்ற குழு தங்கள் முதல் தட்டை 153 பவுண்டில் முடித்து, சுலபம்தான், நீங்களும் செய்யுங்கள் என்று பாட்டிலேயே ஊக்கப்படுத்தியது. 'ஸ்க்ரிட்டி பொலிட்டி' அதைக் கேட்டு 1978-இல் தங்கள் தட்டின் உறையில் பதிவுக் கூலி, அச்சுக் கூலி என்று செலவுக் கணக்கையே அச்சடித்துவிட்டார்கள். ஒரு குழுவிடமிருந்து அடுத்த குழுவுக்கு இப்படித்தான் கைமாறியது. ராகம் தாளத்துக்கு முன்னாலேயே விலைப்பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது!

"இவங்களுக்கு முன்னாடி யாருமே இல்லையா? சுயம்புவா?"

நிச்சயமாக இல்லை. ஜெர்மனியின் 'கேன்', 'நொய்', 'க்ராஃப்ட்வெர்க்' தட்டுகளும், அவற்றைக் கேட்டு ஊறிய டேவிட் போவியின் 1977 ஆல்பம் 'லோ'வும் இந்தப் பிள்ளைகளின் அறைகளில் ஓடிக்கொண்டே இருந்தன. ஜாய் டிவிஷனின் முதல் பெயர் 'வார்சா'. 'லோ'வில் உள்ள ஒரு பாட்டின் பெயரிலிருந்து எடுத்தது. லண்டனில் 'வார்சா பாக்ட்' என்று இன்னொரு குழு இருந்ததால் 1978-இல் மாற்றிக்கொண்டார்கள். ஷெஃபீல்டின் 'கேபரே வோல்டேர்' 1973-இலேயே டேப்பை வெட்டி ஒட்டிச் சத்தம் செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்குக் கேட்க ஆள் கிடைத்தது பங்க் வந்த பிறகுதான்.

"ஜாய் டிவிஷன்ல பேஸ்தானே மெட்டு வாசிக்குது? அது எப்படி?"

காது நல்ல காது. சாதாரணமாக பேஸ் கீழே நின்று அஸ்திவாரம் போடும்; கிதார் மேலே கட்டும். இங்கே தலைகீழ். ஒத்திகை அறையில் சம்னரின் கிதார் பெட்டி அலறியதால் கீழ்ச் சுரங்களில் தான் வாசிப்பது தனக்கே கேட்கவில்லை, மேலே போனால்தான் கேட்டது என்று ஹுக் பலமுறை சொல்லியிருக்கிறார். கர்ட்டிஸுக்கு அது பிடித்துப்போய், அப்படியே வாசி என்றார். ஹுக்கின் மலிவான பெட்டியின் குறை ஒரு குழுவின் முகவரி ஆகிவிட்டது.

'ஸ்ட்ராங்ளர்ஸ்' குழுவின் ஜான்-ஜாக் பர்னல் பேஸை உறுமவிட்ட விதமும் ஹுக்குக்கு முன்மாதிரி. அங்கிருந்து எடுத்தது முரட்டு ஒலியை. மேலேறிப் பாடுவது இவருடையது. க்யூர் குழுவின் பிற்காலப் பாட்டுகளில் பேஸ் தனியாகக் கதை சொல்லும் இடம் வரும்போது, இந்த ஒத்திகை அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

"அந்த வெறிச்சோடின ஒலி பேண்டோடதா, தயாரிப்பாளரோடதா?"

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் சினிமாவில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். இங்கே, பதிவுக்கூடத்தில் உட்கார்ந்து எந்தச் சத்தம் எங்கே, எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கிறவர். 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' தட்டைப் பதிவு செய்த அதே மார்ட்டின் ஹானட்தான் 1979-இல் ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி கூடத்தில் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தையும் செய்தார். டிரம்ஸில் ஒவ்வொரு சத்தமும் மற்றதன்மேல் கசியாமல் இருக்க டிரம்மர் ஸ்டீஃபன் மோரிஸைத் தனித்தனியாக அடிக்கவைத்தார். அப்போதுதான் வந்திருந்த டிஜிட்டல் டிலே என்ற எதிரொலிக் கருவியை ஒவ்வொரு அடிக்கும் பின்னால் நிழல் மாதிரி விட்டார். கேட்டால், ஆளில்லாத கல்யாண மண்டபத்தில் ஒற்றை ஆள் கதவைச் சாத்துவது போல் இருக்கும். ஹுக்குக்கும் சம்னருக்கும் அந்த முடிவு பிடிக்கவில்லை. மேடையில் இருந்த முரட்டுத்தனம் போய்விட்டது என்று வருந்தினார்கள். மேடைப் பதிவுகளைக் கேட்டால் அவர்கள் சொல்வதிலும் நியாயம் தெரியும். இருந்தாலும் அந்த ஆல்பத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ஹானட்டுக்குத்தான்.

ஒலி ஊர் ஊராகப் போனதற்கும் இவர் ஒரு பாலம். 1980-இல் டப்ளினிலிருந்து வந்த சின்னப் பையன்களான 'யூ2'வின் தனித்தட்டு ஒன்றை இவரே பதிவு செய்தார். நியூயார்க் சவுத் பிராங்க்ஸ் பகுதியின் சகோதரிகள் நடத்திய 'ஈ.எஸ்.ஜி.', மான்செஸ்டரின் 'எ செர்ட்டன் ரேஷியோ' அமெரிக்கா வந்தபோது அவர்களுக்கு முன் வாசித்தவர்கள். மான்செஸ்டரின் ஃபேக்டரி இசைத்தட்டு நிறுவனத்தின் டோனி வில்சன் கேட்டு மயங்கி, ஹானட்டிடம் ஒப்படைத்தார். 1981-இல் அவர்கள் தட்டு மான்செஸ்டரிலிருந்து வந்தது.

"வெள்ளைக்கார பேண்டுகள்ல ரெகே எங்கிருந்து வந்துச்சு?"

லண்டனின் ராக்ஸி கிளப்பிலிருந்து என்று சொன்னால் பெரிய தவறில்லை. 1977 தொடக்கத்தில் அங்கே தட்டு ஓட்டியவர் டான் லெட்ஸ், ஜமைக்காக் குடும்பத்துப் பிள்ளை. ஓட்டுவதற்குப் போதுமான பங்க் தட்டுகள் அப்போது அச்சாகியே இருக்கவில்லை. அதனால் குழுக்கள் மேடை மாறும் இடைவெளியில் தன் வீட்டு ரெகே, டப் தட்டுகளைப் போட்டார். டப் என்றால், பாட்டிலிருந்து குரலையும் கிதாரையும் அவ்வப்போது உருவிவிட்டு, பேஸையும் டிரம்ஸையும் முன்னே நிறுத்தி, எதிரொலியை வாரியிறைக்கும் ஜமைக்கா முறை. எதை எடுத்துவிடலாம் என்று யோசிப்பதே இசையாகலாம் என்பதை இந்தத் தலைமுறை அங்கே கற்றது. மேலே சொன்ன ஹானட்டின் எதிரொலிக்கும் இதுதான் ஊற்றுக்கண் என்பது என் நம்பிக்கை.

பிஸ்டல்ஸின் ஜான் லைடன் 1977 ஜூலையில் லண்டன் வானொலி ஒன்றில் தனக்குப் பிடித்த தட்டுகளைப் போட்டுக் காட்டினார். ரெகேயும் ஜெர்மனியின் கேனும் அதில் வந்தன. அடுத்த ஜனவரியில் பிஸ்டல்ஸ் உடைந்தது. லைடன், 'க்ளாஷ்' என்ற லண்டன் பங்க் குழுவின் ஆரம்ப நாட்களில் இருந்த கீத் லெவினையும், ரெகே கேட்டே பேஸ் பழகிய நண்பர் ஜா வோபிளையும் சேர்த்து 'பப்ளிக் இமேஜ் லிமிடெட்' ஆரம்பித்தார். 1979 நவம்பரில் வந்த 'மெட்டல் பாக்ஸ்', ஃபிலிம் ரீல் வைக்கும் டப்பா போன்ற உலோகப் பெட்டிக்குள் மூன்று பன்னிரண்டு அங்குலத் தட்டுகள். ஒரு பக்கத்தில் குறைந்த நிமிடங்கள் இருந்தால் பள்ளம் அகலமாக வெட்டலாம், பேஸ் ஆழமாக இறங்கும். டப் தட்டுகளின் கணக்கும் அதேதான்.

"ஸ்லிட்ஸைப் பார்த்துதான் ரெயின்கோட்ஸ் வந்தாங்களா?"

ஆமாம், இது நேர்க்கோடு. ஹார்ன்சி ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஜினா பர்ச், ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழு மேடையேறியதைப் பார்த்தபோதுதான் பெண்களும் இதைச் செய்யலாம் என்பது தனக்கு உறைத்ததாகச் சொல்கிறார். சக மாணவி ஆனா ட சில்வாவுடன் 1977-இல் ரெயின்கோட்ஸ் ஆரம்பமானது. ஸ்லிட்ஸின் டிரம்மர் பாமொலிவ் அங்கிருந்து விலகி இவர்களிடமே வந்து சேர்ந்தார்.

ஒலி மட்டும் வேறு திசை. ஸ்லிட்ஸின் முதல் ஆல்பத்தை 1979-இல் பதிவு செய்தவர் டென்னிஸ் போவெல், பிரிட்டிஷ் ரெகேயின் தூண்களில் ஒருவர். அந்த ஆல்பம் முழுக்க மேலே சொன்ன டப்பின் இடைவெளிகள். ரெயின்கோட்ஸின் முதல் ஆல்பத்தில் வயலினும் தடுமாறித் தடுமாறி எழும் தாளமும். அந்தத் தடுமாற்றத்தைப் பிழை என்று நினைத்துத்தான் நானும் பல நாள் ஒதுக்கிவைத்திருந்தேன். நாலு பேர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே நடப்பதன் சத்தம் அது என்று புரிய எனக்கு வருஷங்கள் ஆயின. இப்போது என்னிடம் அதிகம் தேய்ந்த தட்டு அதுதான். 1993-இல் அது மறுபதிப்பாக வந்தபோது உறைக்குறிப்பு எழுதியவர்களில் 'நிர்வாணா'வின் கர்ட் கோபேனும் ஒருவர்.

"ஒரே ஆளு மூணு பேண்ட்ல வர்றாரே, குழப்பமா இருக்கு."

இருக்கத்தான் செய்யும். பட்ஜி என்ற டிரம்மரை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலில் 'பிக் இன் ஜப்பான்', பிறகு பாமொலிவ் விட்ட இடத்தில் ஸ்லிட்ஸ், பிறகு 'சூசி அண்ட் த பான்ஷீஸ்'. அந்தக் கடைசித் தாவலுக்கு ஒரு கதை உண்டு. 1979 செப்டம்பரில் பான்ஷீஸ் சுற்றுப்பயணம் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்தை எட்டியபோது, கச்சேரி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பு கிதார்காரரும் டிரம்மரும் கிளம்பிப் போய்விட்டார்கள். முன்கச்சேரி செய்ய வந்த குழு க்யூர். அதன் ராபர்ட் ஸ்மித், மீதிப் பயணம் முழுக்கத் தன் குழுவில் பாடி முடித்துவிட்டு பான்ஷீஸுக்கும் கிதார் வாசித்தார். டிரம்ஸுக்கு பட்ஜி வந்தார். இரவுக்கிரவு அந்த அடர்ந்த சத்தத்துக்குள் நின்ற ராபர்ட் ஸ்மித், அடுத்த ஏப்ரலில் வெளியிட்ட க்யூர் ஆல்பம் முந்தையதிலிருந்து எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

ஜான் மெக்கீயோக் இன்னொருவர். டிவோட்டோ பஸ்காக்ஸிலிருந்து விலகி ஆரம்பித்த 'மேகசின்' குழுவின் கிதார்காரர், பிறகு பான்ஷீஸ், 1986-இல் பப்ளிக் இமேஜ். மூன்று இடத்திலும் அவர் விரல் தெரியும்.

"லீட்ஸ் பேண்டுகள் எல்லாம் ஒரே பெட்டியில வாசிச்சாங்களாமே, ஆனா ஏன் வேற வேற மாதிரி இருக்கு?"

கேங் ஆஃப் ஃபோர், மீகான்ஸ் இரண்டும் லீட்ஸ் பல்கலைக்கழகத்து ஓவியத் துறையைச் சுற்றி முளைத்தவை. கேங் ஆஃப் ஃபோருக்குப் பெயர் சொன்னதே மீகான்ஸின் ஆண்டி காரிகன், சீனாவின் 'நால்வர் கும்பல்' பற்றிய செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு. மீகான்ஸ் வாசித்தது கேங் ஆஃப் ஃபோரின் கருவிகளை இரவல் வாங்கி.

ஒரே கருவி, ஆனால் கேள்வி வேறு. ஆண்டி கில், கிதார் தனியாவர்த்தனம் வர வேண்டிய இடத்தில் வாசிக்காமல் நிறுத்திவிடுவார். அந்த வெற்றிடத்தில் பேஸும் டிரம்ஸும் நடனமாடும். அடுத்த நொடி கண்ணாடி உடைவது போல் ஒரு வெட்டு. மீகான்ஸோ, வாசிக்கத் தெரியாததை மறைக்காமல் காட்டினார்கள். கலவரம் வேண்டும் என்று க்ளாஷ் பாடியதற்கு, நாங்கள் கலவரத்தையே பார்த்ததில்லை என்று பதில் சொன்னதுதான் அவர்களுடைய முதல் தட்டு. எதிர்த்துப் பேசுவதும் தாக்கம்தான். இவர்களின் தோழிகள் 1979-இல் ஆரம்பித்த 'டெல்டா 5' இரண்டு பேஸ் கிதார்களுடன் வந்தது. கில்லைப் பொறுத்தவரை நீண்ட கைமாற்றம் ஒன்று உண்டு: 1984-இல் 'ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்' முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவர் அவர்தான்.

"அப்போ எது தாக்கம், எது காப்பி? கோடு எங்கே?"

ஒரே கிதார் இழையை இரண்டு குழுக்கள் பகிர்ந்தது உண்டு. பீட் ஷெல்லி உருவாக்கிய ஒன்றை, பிரிந்துபோன டிவோட்டோவுக்கே கொடுத்தார். 1978-இல் மேகசினின் முதல் தட்டு அதன்மேல்தான் நிற்கிறது. பஸ்காக்ஸ் பாட்டு ஒன்றிலும் அது வருகிறது. சண்டை இல்லை. 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' தட்டில் ஷெல்லி இரண்டே சுரத்தில் ஒரு கிதார் தனி வாசிப்பார். 1983-இல் கிளாஸ்கோவின் 'ஆரஞ்ச் ஜூஸ்' தங்கள் பாட்டில் அந்தப் பாட்டைப் பேர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு, அதே இரண்டு சுரத்தை வாசித்தார்கள். அது நமஸ்காரம்.

மறுபக்கம்: 1977-இல் 'வயர்' குழு 21 பாட்டுகளை 36 நிமிடத்துக்குள் அடைத்து ஒரு ஆல்பம் போட்டது. அதிலிருந்த ஒரு கிதார் இழை 1994-இல் 'எலாஸ்டிகா' குழுவின் வெற்றிப் பாட்டில் அச்சு அசலாக வந்தது. நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்தார்கள். நான் பார்க்கும் கோடு எளிமையானது: எங்கிருந்து எடுத்தேன் என்று பாட்டே சொல்கிறதா? ஆரஞ்ச் ஜூஸ் சொன்னது. எலாஸ்டிகா சொல்லவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கும் என்பது வேறு விஷயம்.

"நம்ம ஆளுங்க யாராவது இந்தச் சங்கிலியில இருக்காங்களா?"

இருக்கிறார், எலாஸ்டிகா வழியாகவே. யாழ்ப்பாணத்தில் குழந்தைப் பருவத்தைக் கழித்து லண்டன் திரும்பிய மாயா அருள்பிரகாசம், ஓவியக் கல்லூரியில் படித்தவர். 2000-இல் எலாஸ்டிகாவின் இரண்டாவது ஆல்பத்துக்கு உறை வடிவமைத்தார். அவர்கள் பயணத்தைப் படம் பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில் உடன் வந்த 'பீச்சஸ்' என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப்பெட்டியை அவருக்கு அறிமுகப்படுத்தினார். இசை படிக்காதவர், எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மனிடம் அந்தப் பெட்டியை இரவல் வாங்கி எம்.ஐ.ஏ. என்ற பாடகி ஆனார். ஹுக்கின் 35 பவுண்டு கதையை மறுபடி படித்துப் பாருங்கள்.

அவருடைய முதல் தட்டை ஃப்ரிஷ்மனும், ஷெஃபீல்ட் நகரத்து இசைக்காரர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். 2005-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு அப்பாவின் பெயரான 'அருளர்' என்பதையே வைத்தார். 2007 ஆல்பத்தின் பெரிய வெற்றிப் பாட்டு, க்ளாஷின் 1982 பாட்டு ஒன்றின் துணுக்கின்மேல் ஓடுகிறது. பாட்டை எழுதியவர்கள் பட்டியலில் க்ளாஷ் பெயர்களும் உண்டு.

"எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கட்டும்?"

தனித்தனியாகக் கேட்காதீர்கள், ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். பஸ்காக்ஸின் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்', உடனே ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பம்; ஒரே ஹானட், இரண்டரை வருஷ இடைவெளி. ஸ்லிட்ஸ் முதல் ஆல்பம், உடனே ரெயின்கோட்ஸ் முதல் ஆல்பம்; இரண்டும் 1979. க்யூரின் முதல் ஆல்பம், நடுவில் பான்ஷீஸ், பிறகு க்யூரின் இரண்டாவது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் வேண்டாம். பேஸ் அதில் காணாமலே போய்விடும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு முதல் தடவை பேஸை மட்டும் பின்தொடர்ந்து போங்கள்.